பழைய சுமோ வழியில் நின்றால்: நாமே செய்துகொள்ளும் சோதனைகளும் பழுதுநீக்கமும்

கொள்முதலுக்குப் புறப்படும் நாளாகப் பார்த்துத்தான் வண்டி மக்கர் செய்யும். நம் வணிகர்களில் இதை அனுபவிக்காதவர் குறைவு. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பட்டறை திறக்க ஒன்பது மணியாகும். அதற்குள் மொத்தக் கடையில் நல்ல சரக்கு கைமாறிவிடும்.

டாடா சுமோ 1994-இல் சந்தைக்கு வந்தது. டாடா வாகனத் தொழிலை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்துதான் 'சுமோ' பிறந்தது. 2019-இல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் வீட்டுக்கும் கடைக்கும் ஒரே வண்டியாக இன்றும் பல ஊர்களில் ஓடுகிறது. அதன் பழைய டீசல் இன்ஜினில் கணினி கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஆகவே பல கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கலாம். சிலவற்றை நாமே சரிசெய்யலாம். எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதும் அதே அளவு அவசியம்.

எட்டு கிலோமீட்டர் அவசரம்

என் அனுபவத்தையே சொல்கிறேன். சாத்தூரில் எனக்கு மளிகைக் கடை. சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடைப் பையன் வந்து, "அண்ணாச்சி, வண்டிக்கு அடியில பச்சையா தண்ணி சொட்டிக் கிடக்கு" என்றான். "ஏசித் தண்ணியா இருக்கும்லே, போய் வேலையைப் பாரு" என்றேன்.

மறுநாள் விருதுநகரில் பருப்பும் மல்லியும் விலை பேசிவிட்டுத் திரும்பும்போது வெப்ப முள் சிவப்புக்கு ஏறியது. இன்னும் எட்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினேன். ஊர் எல்லையில் ஆவி கக்கி நின்றது. ரேடியேட்டர் ஓஸின் கிளிப் தளர்ந்து, கூலன்ட் முழுவதும் வெளியேறியிருந்தது. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விட்டது. ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. சீசன் நேரத்தில் வாடகை வண்டிக்குக் கொடுத்தது தனி. ஒரு திருப்புளியால் முறுக்கியிருந்தால் தீர்ந்திருக்கும் வேலை அது.

அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் இரவு, கிடங்கில் கிடக்கும் பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் விரித்து வைக்கிறேன். காலையில் அட்டை விஷயத்தைச் சொல்லிவிடும். நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசி, பயமில்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ இருந்து, விரலில் பிசுபிசுத்தால் கூலன்ட். கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். டீசலை மூக்கே சொல்லும். சக்கரத்தின் உட்பக்கம் வழவழப்பான ஈரம் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

செல்ப் சுற்றவில்லை என்றால்

முதலில் பேட்டரியைப் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். ஆல்டர்னேட்டரையோ பெல்ட்டையோ பாருங்கள். இதை அறியாமல் நல்ல பேட்டரியை மாற்றியவர்கள் நம்மில் உண்டு.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' சத்தம் மட்டும் வந்தால், முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்து நம் கடையிலேயே இருக்கிறது. வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்தால் போய்விடும். கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இல்லையேல் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரையும் இறுக்கிப் பாருங்கள்.

செல்ப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால்

டீசல் குழாயில் காற்று புகுந்திருப்பதே பெரும்பாலும் காரணம். டேங்க் காலியாகும் வரை ஓட்டினாலும், பில்டர் மாற்றிய பின்னும் இது வரும். பில்டர் மேலுள்ள காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப் பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் திருகை இறுக்குங்கள். பில்டர் அடியில் தங்கும் தண்ணீரையும் மாதம் ஒரு முறை திறந்துவிடுங்கள். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் செல்ப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் ஆறவிடுங்கள்.

குளிர்ந்த காலையில் மட்டும் முரண்டு பிடித்து, வெள்ளைப் புகையோடு குலுங்கிக் கிளம்பினால் ஹீட்டர் பிளக் ஒன்றோ இரண்டோ போயிருக்கலாம். இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரில் மின்தடையைப் பாருங்கள். நல்ல பிளக் மிகக் குறைந்த ஓம் காட்டும். தொடர்பே இல்லையென்றால் அது செத்தது.

ஓர் எச்சரிக்கை. 2011-இல் வந்த சுமோ கோல்டில் காமன் ரெயில் முறை இருக்கிறது. அதன் டீசல் குழாய்களில் உள்ள அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. அவற்றைத் தளர்த்தவே வேண்டாம்.

முள் ஏறினால்

நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணிக்கு மேல் ஆறவிட்டு, மேல் ஓஸைத் தொட்டுப் பார்த்துச் சூடு அடங்கிய பின், கனத்த துணியைப் போட்டு மெல்லத் திறக்கலாம். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துப்போகும்.

பிறகு வரிசையாகப் பாருங்கள்: ஓஸ், கிளிப், பெல்ட், ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த தூசி. பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவு கொடுக்கலாம். அதற்கு மேல் தொய்ந்தால் இறுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரோடு வாக்குவம் பம்ப் சேர்ந்திருக்கும் வண்டிகளில் பெல்ட் அறுந்தால் பிரேக் மிதியும் கனத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவந்தால் உள்ளே காரை படியும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து ஊற்றுவதே முறை. ஆயில் குச்சியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால், தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று பொருள். அதன் பின் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

புகையின் நிறம்

கறுப்பென்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நீலமென்றால் ஆயில் எரிகிறது. சூடான பின்பும் வெள்ளையாக வந்து, கூலன்ட்டும் குறைந்தால் கேஸ்கட் சந்தேகம். இப்படிக் குறித்துச் சொன்னாலே பட்டறையில் பாதி வேலை முடிந்தது. தேவையில்லாத உதிரியும் பில்லில் ஏறாது.

கை வைக்கக் கூடாதவை

பிரேக், ஸ்டீயரிங், டீசல் பம்ப் ஆகிய மூன்றும் தேர்ந்த மெக்கானிக் வேலை. பிரேக் ஆயில் அளவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையவே கூடாது. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட பாரம் அது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே குனிய வேண்டும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் இருந்தாலும் வெடிப்பு விழுந்த பழைய டயர் ஆபத்தே. சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை.

வண்டிக்கும் ஒரு பேரேடு

டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர், உபரி பெல்ட், இரண்டு ஓஸ் கிளிப், பியூஸ்கள், 10 முதல் 19 வரை ஸ்பேனர்கள், டார்ச் ஆகியவை எப்போதும் இருக்கட்டும். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், சேர்த்த ஆயில், ஊற்றிய கூலன்ட் எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் குறைகிறது, மாதா மாதம் தண்ணீர் இறங்குகிறது என்பது வண்டி நிற்பதற்கு முன்பே கணக்கில் தெரிந்துவிடும். கடன் பாக்கியைக் கணக்கில் பார்த்துப் பிடிக்கும் நமக்கு இது புதிய வித்தையல்ல.

கடைப் பையன் ஏதாவது சொட்டுகிறது என்று சொன்னால், அண்ணாச்சிமார் எழுந்து போய் ஒரு முறை குனிந்து பாருங்கள்.