மூக்குக் கண்ணாடி: வெள்ளெழுத்தும் விற்பனைப் பேச்சும்

புதிய லென்ஸ்கள் கண்ணுக்கு இதம் தருவது உண்மைதான். ஆனால் கடைக்காரர் சொல்லும் எல்லாக் காரணங்களுக்காகவும் அல்ல.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே, முற்றிய இலை எது என்று கையெட்டும் தூரத்தில் பார்த்துத்தான் விரல் கிள்ள வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் மங்குவதும் அந்தத் தூரம்தான். 2017இல் அங்கே நடந்த சோதனை ஒன்றில், நாற்பதைத் தாண்டிய, கிட்டத்துப் பொருள் சரியாகத் தெரியாத 751 தொழிலாளர்கள் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உடனே கண்ணாடி, மற்றதற்குச் சோதனை முடிந்த பிறகு. பருவம் காரணமாக இரு பிரிவிலும் பறிப்பு கூடியது. ஆனால் கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கூடியது மற்றவர்களைவிட நாளொன்றுக்கு 5 கிலோ அதிகம். உற்பத்தித்திறன் கணக்கில் சுமார் 22 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 30 சதவீதத்துக்கும் மேல். நிர்ணயித்த அளவுக்கு மேல் பறிக்கும் இலைக்குத் தனிக் காசு கிடைக்கும் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. ஆளுக்கு ஆன செலவோ சுமார் 10 டாலர்.

எந்த மாயப் பூச்சும் இல்லாமல், பவர் சரியாக இருந்ததாலேயே கிடைத்த பலன் இது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடும். கிட்டத்தில் பார்க்கத் தேவையான அளவுக்கு அதனால் உப்ப முடிவதில்லை. அதைத்தான் நம் வீடுகளில் வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் சொல்வார்கள். செய்தித்தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் கை நீளம் போதாமல் போகும் நாளில் கண்ணாடிக் கடையைத் தேடுகிறோம்.

கடையில்தான் குழப்பம் ஆரம்பம். முதல் கேள்வி, கண்ணாடியா பிளாஸ்டிக்கா? இதில் யோசிக்க அதிகமில்லை. பிளாஸ்டிக் லென்ஸ் ஏறத்தாழ பாதி எடைதான், உடைந்து கண்ணில் தெறிக்கும் ஆபத்தும் குறைவு. சீக்கிரம் கீறல் விழும் என்பதால் மேலே கடினப் பூச்சு வேண்டும். குழந்தைகளுக்கும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கும் அடி தாங்கும் பாலிகார்பனேட் நல்லது. அதன் ஓரத்தில் பார்த்தால் லேசாக வண்ணம் பிரிந்து தெரியலாம்.

பவர் அதிகமுள்ளவர்களின் 'சோடா புட்டி'க் கண்ணாடியை மெல்லியதாக்கியது, ஒளியை அதிகமாக வளைக்கும் ஹை இண்டெக்ஸ் லென்ஸ். பலரும் கேட்க மறக்கும் விஷயம் ஒன்று இதில் உண்டு. சாதாரண லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக மொத்தம் 8 சதவீதம் கண்ணுக்கு வருவதில்லை. ஹை இண்டெக்ஸ் லென்ஸில் இந்த நஷ்டம் 12 சதவீதம்வரை போகும். இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணாடியில் பேய்போல ஆடுவதற்கு இந்தப் பிரதிபலிப்பும் ஒரு காரணம். இதை 1 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவதுதான் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு. மெல்லிய லென்ஸுக்குப் பணம் கொடுப்பவர் இதை ஆடம்பரம் என்று தவிர்த்தால், கொடுத்த காசில் ஒரு பகுதி வீண்.

கிட்டமும் தூரமும் ஒரே கண்ணாடியில் வேண்டும் என்றால் பைஃபோகல். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலத்துச் சரக்கு. நடுவில் கோடு தெரியும், கோட்டைக் கடக்கும்போது படம் குதிக்கும். 1959இல் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார்ட் மெத்தனாஸ் உருவாக்கிய புரோகிரஸிவ் லென்ஸ் சந்தைக்கு வந்தது. மேலே தெரு, நடுவில் கம்ப்யூட்டர், கீழே புத்தகம், கோடே கிடையாது. ஆனால் இருபுற ஓரங்களும் கலங்கித்தான் தெரியும். அது தரக்குறைவல்ல, லென்ஸின் இயல்பு. முகத்தில் ஃப்ரேமை மாட்டி, ஒவ்வொரு கருமணியும் எங்கே நிற்கிறது என்று அளந்து வெட்ட வேண்டிய சரக்கு இது. சில மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்கியவர் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் படிப்பார். விலையில் தாராளமாக இருக்கும் கடைகள் சில, அளவெடுப்பதில் சிக்கனம் காட்டுகின்றன.

கம்ப்யூட்டரிலிருந்து வரும் நீல ஒளியைத் தடுப்பதாக விற்கப்படும் லென்ஸ் இன்னொரு ரகம். 17 சோதனைகளை அலசி 2023இல் வெளியான காக்ரேன் ஆய்வு, குறுகிய காலப் பயன்பாட்டில் கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட இதற்குப் பெரிதாகப் பலன் இல்லாமல் போகலாம் என்றே சொல்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது, எரிகிறது. அடிக்கடி பார்வையைத் தூரத்துக்குத் திருப்புவதற்குக் கட்டணமில்லை.

அப்படியானால் நடைபாதையில் விற்கும் படிக்கிற கண்ணாடி போதுமா? இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர் பொருந்தி, வேறு கோளாறும் இல்லாதவருக்குப் போதும். படிப்பதால் கண் கெடாது. ஆனால் வெள்ளெழுத்து வரும் வயதில்தான் வலியே இல்லாமல் கண் நீர் அழுத்த நோயும், சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்பும் எட்டிப் பார்க்கின்றன. நடைபாதைக்காரர் அதைச் சோதிக்க மாட்டார். அங்கே வாங்கிய கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டே ஒருமுறை கண் டாக்டரிடம் போய்வரலாம்.