பணம் வருகிறது, பிள்ளைகள் வருவதில்லை: வெளிநாட்டு ஜமாஅத்துகளும் நம் மஹல்லாக்களும்

திருவிடைமருதூர், ஆடுதுறை, ஆவணியாபுரம், திருமங்கலக்குடி என நம் பகுதியில் எந்த மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும், பிழைப்புக்காக வெளிநாடு போனவர் இல்லாத தெரு அரிது. பள்ளிவாசல் மினாரா, மதரஸா கட்டடம், குமர் காரியம் என எதற்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போனால் பணம் வந்துவிடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கோலாலம்பூரில் பிறந்த பேரப்பிள்ளைக்கு இங்கே ஒருவரையும் தெரியாது. இந்தத் தலைமுறையோடு பணம் வருவதும் நின்றுபோகலாம்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதல்ல. பல நாடுகளில் சிதறி வாழும் யூதர்கள் இதற்கென்றே ‘சகோதர சமுதாயம்’ என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். 1970களின் இறுதியில் இஸ்ரேலில் ‘புராஜெக்ட் ரினியூவல்’ என்ற திட்டம் தொடங்கியது. வசதி குறைந்த குடியிருப்புகளை அமெரிக்கா போன்ற நாடுகளின் யூத சமுதாயங்களோடு ஒன்றுக்கு ஒன்றாக இணைத்தார்கள். பொது நிதியில் பணத்தைப் போட்டுவிட்டு மறந்துவிடாமல், இன்ன ஊருக்கு இன்ன ஊர் என்று ஆக்கினார்கள். எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் குழுவில் அந்தக் குடியிருப்பு மக்களும் இருந்தார்கள். பின்னர் 1990களில் ‘பார்ட்னர்ஷிப் 2000’ வந்தபோது மாணவர்களும் ஆசிரியர்களும் இரு பக்கமும் போய்வரும் உறவாக அது வளர்ந்தது. பாலஸ்தீன மக்களுக்கு இஸ்ரேல் இழைக்கும் அநீதியில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஒரு சமுதாயம் தன்னைக் கட்டிக்காக்கும் முறையைக் கவனிப்பது வேறு விஷயம்.

சொல்லப்போனால் இதற்கான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் இருவர் இருவராகச் சகோதரர் ஆக்கினார்கள். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார். ஸல்மான் ஃபார்ஸி (ரலி) தம் சகோதரர் அபூதர்தா (ரலி) இரவெல்லாம் தொழுது குடும்பத்தைக் கவனிக்காமல் இருந்ததைத் திருத்தினார். வாங்குபவரின் மானமும், உரிமையோடு திருத்தும் நெருக்கமும் அந்த உறவில் இருந்தன.

தமிழ் முஸ்லிம்களும் இதைச் செய்திருக்கிறார்கள். 1941-ல் உருவான சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக், போர் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் தந்த புலவரின் பெயர்! 1982-ல் பள்ளி மூடப்பட்டாலும் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ஊர்ப் பெயரில் கூடிய சங்கம், போன இடத்திலேயே பிள்ளைகளுக்குத் தமிழ் கொடுத்தது.

நம் மஹல்லாக்கள் இப்படி ஒரு வெளிநாட்டு ஜமாஅத்தோடு இணைய நினைத்தால், முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றவர் பள்ளிவாசலுக்கோ அறக்கட்டளைக்கோ தருவது, அவர் ஆடுதுறையிலேயே பிறந்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வாங்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ தேவை. 2020 திருத்தத்துக்குப் பின், டெல்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் அந்தப் பணம் வந்து சேர வேண்டும். நல்ல எண்ணத்தில் வாங்கிவிட்டு நிர்வாகிகள் சிக்கலில் மாட்டக் கூடாது.

பணமே இல்லாமலும் தொடங்கலாம். அங்குள்ள பிள்ளைகளுக்கு இங்குள்ள ஆலிம் இணையவழியில் தமிழில் ஓதிக்கொடுக்கலாம். அங்குள்ள பொறியாளர், நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை மேற்படிப்புக்கு வழிகாட்டலாம். பைத்துல்மால் கணக்கை இரு ஊருக்கும் ஒரே நாளில் அனுப்பலாம். டிசம்பர் விடுமுறையில் வரும் பேரப்பிள்ளைகளைத் திருமண மண்டபத்தோடு திருப்பி அனுப்பாமல், மக்தபில் ஒரு வாரம் உட்கார வைக்கலாம். அப்போது சம்பா வயலும் பச்சையாகத்தான் இருக்கும்.