புரதச் சில்லு: எதைக் கழிப்பது, எதை விடுவது?

மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியில் ஆண்டுதோறும் ஆறு மாதம் மலேரியாப் பருவம். சில குழந்தைகள் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுகிறார்கள், சிலர் தப்பிவிடுகிறார்கள். அவர்களைக் காப்பது எது? 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, 220 பேரின் ரத்தத்தைப் பருவத்துக்கு முன்னும் பின்னும் எடுத்துப் புரதச் சில்லில் சோதித்தது.

சில்லு என்பது சிறிய தகடு. அதில் மலேரியா ஒட்டுண்ணியின் சுமார் 1,200 புரதங்கள் புள்ளி புள்ளியாகப் பதிக்கப்பட்டிருந்தன. ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஊற்றினால், அதிலுள்ள ஆன்டிபாடிகள் தமக்குரிய புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் சேர்த்து ஸ்கேனரில் வைத்தால் புள்ளிக்கு ஓர் எண் கிடைக்கும்.

அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. இத்தகைய சில்லுகளில் புரதங்களை ஈ.கோலை பாக்டீரியாவின் சாற்றில் தயாரித்து, சுத்திகரிக்காமலே பதிக்கிறார்கள். ஈ.கோலை நம் குடலிலேயே வாழ்வது. அதற்கு எதிரான ஆன்டிபாடி ஒருவரிடம் அதிகம் இருந்தால், மலேரியாவே வராதவருக்கும் சில்லு முழுக்க ஒளிரும். அதனால்தான் ஒட்டுண்ணிப் புரதம் சேராத வெறும் சாற்றையும் சில புள்ளிகளாக வைக்கிறார்கள். அவற்றின் ஒளியே அந்த நபருக்கான அடிமட்டம்.

தகட்டுக்குத் தகடு வரும் பிழையைச் சரிசெய்ய மரபணுச் சில்லுகளில் புழங்கும் ‘குவாண்டைல்’ சீராக்கம் இங்கே ஆபத்தானது. எல்லாத் தகடுகளின் எண் பரவலையும் அது ஒன்றாக்கிவிடும். பல பள்ளிகளின் மதிப்பெண் பட்டியலை ஒரே மாதிரி திருத்தி எழுதிவிட்டு, எந்தப் பள்ளி சிறந்தது என்று தேடுவது போன்றது இது. மலேரியா பலமுறை தாக்கிய பத்து வயதுச் சிறுவனிடம் ஏராளமான புள்ளிகள் ஒளிரும். கைக்குழந்தையிடம் சிலவே ஒளிரலாம். அந்த வேறுபாடுதான் ஆய்வின் பொருள். அதையே அழித்துவிடக் கூடாது. 2009-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த முறை, எல்லாத் தகடுகளிலும் ஒரே மாதிரி வைக்கப்படும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கொண்டு தகட்டால் வந்த பிழையை மட்டும் கணக்கிட்டுக் கழிக்கிறது.

அடுத்த பொறி எண்ணிக்கை. 1,200 புரதங்களை 5 சதவீத வரம்பில் தனித்தனியே சோதித்தால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் சராசரியாக 60 புரதங்கள் தேறிவிடும். 1995-இல் பெஞ்சமினியும் ஹோச்பெர்கும் தந்த முறை, தேறிய பட்டியலில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுக்குள் வைக்கிறது.

மாலி ஆய்வில், 8 முதல் 10 வயதுவரை உள்ளவர்களில் தொற்று ஏற்பட்டும் மலேரியாக் காய்ச்சல் வராத குழந்தைகளிடம் 49 புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி கூடுதலாக இருந்தது. தடுப்பூசிக்கான தேடல் இத்தகைய பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. அதில் தவறான பெயர் நுழைந்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும். சரியான பெயர் விடுபட்டால் இழப்பு அதைவிடப் பெரிது. எத்தனை புரதங்கள் கிடைத்தன என்று கேட்கும் முன், எதை அடிமட்டமாக வைத்துக் கழித்தார்கள் என்று கேட்க வேண்டும்.