கரன்ட் போனதும் ஏற்றும் மெழுகுவர்த்தி: புகையும் தீயும் வராமல் காக்க

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இரவானால் மெழுகுவர்த்திதான் வெளிச்சம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டது. அங்கும் அதே கதை.

இன்வெர்ட்டரும் செல்போன் டார்ச்சும் வந்த பிறகும் மெழுகுவர்த்தி வீட்டைவிட்டுப் போகவில்லை. பிறந்தநாள் கேக்கிலும் மாதா சொரூபத்தின் முன்பும் எரிகிறது. இப்போது வாசனை மெழுகுவர்த்தியாக அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அதை மூடியில்லாத நெருப்பாக நினைத்துக் கையாளும் வீடுகள் குறைவு.

திரி நீண்டால் புகை

மெழுகுவர்த்தி எரிவதை வைத்தே வேதியியலை விளக்கியவர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் இன்றும் படிக்கப்படுகின்றன. சுடரை அணைத்தவுடன் எழும் வெண்புகையில் இன்னொரு சுடரைக் காட்டினால், திரியைத் தொடாமலே நெருப்பு தாவிப் பற்றும் என்று அவர் செய்து காட்டினார். அந்த வெண்புகை மெழுகின் ஆவி. மெழுகு உருகி, திரி வழியாக மேலேறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது.

இது புரிந்தால் சுவரில் ஏன் கரி படிகிறது என்பதும் புரியும். திரி நீளமாக இருந்தால் அது அளவுக்கு மேல் மெழுகை உறிஞ்சுகிறது. அத்தனை ஆவியும் முழுதாக எரிய அங்கே காற்று போதாது. எரியாமல் மிஞ்சும் கார்பன் கரும்புகையாக வெளியேறும். ஜன்னல் காற்றிலோ மின்விசிறிக்குக் கீழோ சுடர் ஆடினாலும் இதேதான் நடக்கும். ஆகவே ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும், மெழுகு ஆறியிருக்கும்போதே, திரியைச் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டுக் கத்தரிக்க வேண்டும். நுனியில் கட்டியிருக்கும் கரிமொட்டையும் கிள்ளி எறிய வேண்டும். நகவெட்டியே போதும்.

மூச்சுக்கு என்ன கெடுதல்?

எரியும் எந்த மெழுகிலிருந்தும் மிக நுண்ணிய துகள்களும், சிறிதளவு ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்களும் வெளிவரும். காற்றோட்டமான அறையில் எப்போதாவது ஒன்றிரண்டு ஏற்றினால் ஆரோக்கியமானவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஏ.சி.க்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில், நாலைந்து வாசனை மெழுகுவர்த்திகளை மணிக்கணக்கில் எரியவிடுவது வேறு விஷயம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அந்த அறை ஏற்றதல்ல. சிலருக்கு அந்த வாசனையே தலைவலியையும் இளைப்பையும் கிளப்பிவிடும்.

சோயா மெழுகு, தேன்மெழுகு என்றால் புகையே வராது என்று விளம்பரம் செய்கிறார்கள். நம்ப வேண்டாம். திரி நீண்டால் அதிலும் கரி வரும்.

திரி நிமிர்ந்து நிற்க ஒரு காலத்தில் அதன் நடுவே ஈயக் கம்பி வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலந்ததால் அமெரிக்கா 2003இல் அதைத் தடை செய்தது. பெயரில்லாத மெழுகுவர்த்தியின் திரிக்குள் உலோகக் கம்பி தெரிந்தால் வெள்ளைத்தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறம் படிந்தால் அதை ஏற்றாதீர்கள்.

எங்கே வைக்கிறோம்?

மெழுகுவர்த்தியால் வீடுகளில் ஏற்படும் தீ விபத்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் படுக்கையறையில் தொடங்குகின்றன என்கிறது அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம். எளிதில் பற்றும் பொருள் அருகில் இருந்ததே பெரும்பாலானவற்றுக்குக் காரணம். நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு சொட்டு மெழுகை ஊற்றிப் பிளாஸ்டிக் ஸ்டூலிலும் டி.வி. மேலும் ஒட்டவைக்கிறோம். பக்கத்தில் நைலான் கொசுவலை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை புத்தகத்தின் மேல் தலைசாய்த்துத் தூங்கிவிடுகிறது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. கரன்ட் போனபோது மின்விசிறி சுவிட்சை அணைக்க மாட்டோம். திரும்பி வந்ததும் விசிறி சுழல, சுடர் திரைச்சீலைப் பக்கம் சாயும். தினத்தாள் பறந்து சுடர்மேல் விழும். மெழுகுவர்த்தியை ஏற்றும் முன் விசிறி சுவிட்சை அணைப்பது பழக்கமாக வேண்டும்.

அடி அகன்ற எவர்சில்வர் கிண்ணத்தில் மணல் நிரப்பி, அதில் நட்டுவைப்பது நல்லது. சாய்ந்தாலும் மணலில் விழும். சுற்றிலும் ஓரடி தூரத்துக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. தூக்கம் வந்தால், அறையை விட்டு வெளியே போனால், அணைத்துவிட வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

சானிட்டைசரும் சமையல் காஸும்

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கேற்றும்படி பிரதமர் கேட்டுக்கொண்டபோது, ஆல்கஹால் சானிட்டைசர் தடவிய கையோடு தீபமோ மெழுகுவர்த்தியோ ஏற்ற வேண்டாம் என்று மத்திய அரசு எச்சரித்தது. ஆல்கஹால் அறை வெப்பத்திலேயே ஆவியாகித் தீப்பற்றும். அந்தச் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் தெரியாது. சோப்பு போட்டுக் கையைக் கழுவிவிட்டு ஏற்றுவதே சரி.

இருட்டில் காஸ் வாடை வந்தால் மெழுகுவர்த்தியோடு சமையலறைக்குள் போகாதீர்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். கதவு, ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றும்போதும் பக்கத்தில் சுடர் கூடாது.

அணைப்பதும் எடுத்துவைப்பதும்

ஊதி அணைத்தால் சூடான மெழுகு தெறிக்கும், புகையும் கிளம்பும். குச்சியால் திரியை உருகிய மெழுகில் ஒரு நொடி அமிழ்த்தி நிமிர்த்தினால் புகையில்லாமல் அணையும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மெழுகு சீறித் தெறிக்கும், கண்ணாடிக் குவளை என்றால் வெடிக்கும். குவளை மெழுகுவர்த்தியை அடிவரை எரியவிடாமல், அரை அங்குல மெழுகு மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

சாதாரண மெழுகு 50, 60 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் உருகும் முன்பே வளைந்துவிடும். வெயில் படாத இடத்தில், மூடியுள்ள டப்பாவில் படுக்கைவசமாக வையுங்கள். தீப்பெட்டி வேறிடத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

சுட்டுவிட்டால்

தோலில் விழுந்த மெழுகைப் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, இங்க் எதையும் பூச வேண்டாம். அவை காயத்தின் ஆழத்தை மறைப்பதோடு கிருமித் தொற்றுக்கும் வழிவிடும். முகம், கை, மூட்டுகளில் சுட்டாலோ, கொப்புளம் பெரிதானாலோ, காயம்பட்டவர் குழந்தை என்றாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வண்டியில்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.