பரிவைப் பரிசோதித்தவர்

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காக இயங்கிய அமைப்பு ஒன்றில் அந்த இளம் உளவியலாளர் வேலை பார்த்துவந்தார். அடங்காத மகனை வைத்துக்கொண்டு தவித்த தாய் ஒருவர் அவரிடம் வந்துபோனார். சின்ன வயதில் தாய் ஒதுக்கியதே மகனின் முரட்டுத்தனத்துக்குக் காரணம் என்று உளவியலாளர் கணித்தார். அதை அவருக்குப் புரியவைக்க எவ்வளவோ மெனக்கெட்டும் பலன் இல்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். தாயும் சம்மதித்து எழுந்தார். கதவருகே போனவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்து, கசந்துபோன தன் மணவாழ்க்கையைக் கொட்டத் தொடங்கினார். அதுவரை அவர் சொன்ன எதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உண்மையான சிகிச்சை அன்றுதான் ஆரம்பமானது.

அந்த உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசை இல்லையென்றால் அவரையே வழிகாட்ட விடலாம் என்பது அவர் அன்று கற்ற பாடம். இன்று உலகெங்கும் கவுன்சலிங் அறைகளில் நடப்பவற்றில் பெரும்பகுதி இந்தப் பாடத்திலிருந்து கிளைத்ததுதான்.

தீவனப் புத்தகம் தந்த புத்தி

1902 ஜனவரி 8 அன்று சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தவர் ரோஜர்ஸ். கெடுபிடியான கிறிஸ்தவக் குடும்பம். அவருக்கு 12 வயதானபோது குடும்பம் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை விழுந்து விழுந்து படித்தார். ஒரு தீவனம் பலன் தருகிறதா என்று அறிய, அதைத் தின்னாத மாடுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதில் கிடைத்த புத்தி. பிறகு விவசாயம் படிக்கப் போனார். மதபோதகராக ஆசைப்பட்டு நியூயார்க்கில் இறையியல் படித்தார். அதையும் விட்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கு மாறி, 1931-ல் முனைவர் பட்டம் பெற்றார். தீவனப் புத்தகத்தின் பாடம் மட்டும் கடைசிவரை கூடவே வந்தது.

அறைக்குள் ஒலிப்பதிவு

அந்தக் காலத்தில் சிகிச்சை அறைக்குள் என்ன நடந்தது என்பதற்குச் சிகிச்சையாளரின் ஞாபகம்தான் சாட்சி. 1940-ல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ரோஜர்ஸ், வந்தவர்களின் சம்மதத்தோடு உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்தார். ஒரு தட்டு சில நிமிடங்களே ஓடும். அடிக்கடி மாற்ற வேண்டும். போட்டுக் கேட்டபோதுதான், ஆலோசகர் எங்கே குறுக்கே பேசினார், எங்கே தன் கருத்தைத் திணித்தார் என்பதெல்லாம் அம்பலமானது. 1942-ல் வெளிவந்த தன் நூலில், புனைபெயர் கொடுக்கப்பட்ட ஒருவருடைய சிகிச்சை முழுவதையும் வார்த்தை விடாமல் அச்சிட்டார். அப்படி ஒன்றை அதுவரை யாரும் வெளியிட்டதில்லை.

1945-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே ஆலோசனை மையம் தொடங்கினார். சிகிச்சை கேட்டு வந்தவர்களில் ஒரு பகுதியினரை 60 நாள் காத்திருக்கச் சொல்லி, சும்மா இருந்தால் வரும் மாற்றத்தையும் சிகிச்சையால் வரும் மாற்றத்தையும் ஒப்பிட்டார்கள். மாட்டுத்தீவனத்தில் கற்றது மனிதர்களுக்கும் உதவியது. சிறந்த அறிவியல் பங்களிப்புக்கான விருதை அமெரிக்க உளவியல் சங்கம் 1956-ல் முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்ற மூவரில் ரோஜர்ஸும் ஒருவர்.

குணமடைய என்ன வேண்டும் என்பதை 1957-ல் ஒரு கட்டுரையில் வரையறுத்தார். ஆலோசகரிடம் அவர் எதிர்பார்த்தவை முக்கியமாக மூன்று: வேஷம் போடாமல் உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது, எதிரில் இருப்பவரை நிபந்தனை இல்லாமல் மதிப்பது, அவர் உலகத்தை அவர் கண்களால் பார்ப்பது. கேட்க எளிது. அறிவுரை சொல்லியே பழகிய நமக்கு, பத்து நிமிடம் கடைப்பிடிப்பதுகூடப் பெரும்பாடு.

பரிவுக்குக் கொடுத்த விலை

அவருக்கும் அது பெரும்பாடாகத்தான் இருந்தது. சிகாகோவில் இருந்தபோது, மிகவும் பாதிக்கப்பட்ட பெண் ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கையில் தன் எல்லையே மறந்து திணறிப்போனார். வேறொரு மருத்துவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, மனைவி ஹெலனோடு ஊரைவிட்டே கிளம்பினார். சில மாதங்கள் கழித்துத் திரும்பியபின், உடன் வேலை பார்த்தவரிடமே சிகிச்சைக்குப் போனார். பிற்பாடு அதை மறைக்காமல் எழுதவும் செய்தார்.

பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் மனச்சிதைவு நோயாளிகளிடம் தன் முறையைப் பரிசோதித்தபோது, பேசாமலே உட்கார்ந்திருக்கும் நோயாளியோடு அவரும் நெடுநேரம் மௌனமாக உட்கார்ந்தார். ஒட்டுமொத்த முடிவுகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆய்வுக் குழுவுக்குள்ளும் சண்டை வந்தது. ஆனாலும் 1967-ல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தது.

கடைசி ஆண்டுகளில் பகையாளிகளை ஒரே அறையில் உட்காரவைத்தார். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரக் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் அப்படிப் பேசியது 1973-ல் ஆவணப்படமானது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் 80 வயதைத் தாண்டிய பிறகும் போய்வந்தார். 1987 பிப்ரவரி 4 அன்று, கலிபோர்னியாவில் 85-வது வயதில் காலமானார்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதுதானே இவர் வேலை என்று அவரைக் கிண்டலடித்தவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பரிவு என்பது பிறவிக் குணம், சிலருக்கு வாய்க்கும், சிலருக்கு வாய்க்காது என்று இருந்த நினைப்பை அவர் ஏற்கவில்லை. பதிவுசெய்து, திரும்பக் கேட்டு, பிழை திருத்தினால் அதையும் ஒரு தொழிலைப் போலக் கற்றுக்கொள்ளலாம் என்று காட்டினார். கனிவான மனிதர்கள் அவருக்கு முன்பும் இருந்தார்கள். அந்தக் கனிவை அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கும் வழியை விட்டுப்போனதுதான் ரோஜர்ஸின் தனிச்சிறப்பு.