எறியப்பட்ட மண்: மகா ஜிம்பாப்வேயின் கற்சுவர்களை முன்வைத்து

இடிந்து கிடந்த ஓர் ஊரின் பெயரையே எடுத்துத் தன் பெயராக வைத்துக்கொண்ட நாடு ஜிம்பாப்வே. வெள்ளையர் ஆட்சியில் அதற்குப் பெயர் ரொடீஷியா. சிசில் ரோட்ஸ் என்கிற வைரச் சுரங்க முதலாளியின் பெயரை ஒரு தேசத்தின் தலையில் கட்டியிருந்தார்கள். 1980 ஏப்ரல் 18ல் விடுதலை வந்தபோது முதலாளியின் பெயர் போய்க் கல்வீடுகளின் பெயர் வந்தது. ஷோனா மொழியில் அந்தச் சொல்லுக்குக் 'கல்லால் ஆன வீடுகள்' என்று பொருள் சொல்கிறார்கள். 'வணங்கத்தக்க வீடுகள்' என்று சொல்பவர்களும் உண்டு. தேசக் கொடியில் இருக்கும் பறவையும் அந்த இடிபாட்டிலிருந்து எடுத்ததுதான்.

பாரம்பரியச் சின்னம் என்றால் அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நாம் போய்ப் பாதுகாக்கிறோம் என்பதாக ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. சின்னம் என்பது கண்டெடுக்கப்படுவதைவிட அதிகமாக உண்டாக்கப்படுகிறது என்பதையும், அப்படி உண்டாக்கும்போது எதையாவது தூக்கி எறிய வேண்டியிருக்கிறது என்பதையும் பார்க்க மகா ஜிம்பாப்வேயைப் போல வாகான இடம் வேறில்லை. எறிதல் என்பதை இங்கே உருவகமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மண்வெட்டியால் வாரி எறிந்தார்கள்.

இன்றைய மஸ்விங்கோ நகருக்குப் பக்கத்தில், எழுநூறு ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது இந்த இடம். ஒரு பாறைக் குன்றின் மேல் ஒரு கட்டடத் தொகுதி, கீழே பள்ளத்தாக்கில் சிதறலாகச் சில, இவை தவிரப் பேரடைப்பு என்று அழைக்கப்படும் பெரிய வட்டச் சுவர். அந்த வெளிச்சுவரின் சுற்றளவு சுமார் 250 மீட்டர்; சில இடங்களில் 11 மீட்டர் உயரம். காரை, சாந்து எதுவும் கிடையாது. கருங்கல் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே எழுப்பியது. கி.பி. 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை, ஷோனா மக்களின் முன்னோர்கள் கட்டியது. உள்நாட்டுத் தங்கம் இங்கிருந்து கீழைக் கடற்கரைத் துறைமுகங்களுக்குப் போனது. பதிலுக்குச் சீனப் பீங்கான், பாரசீகப் பாத்திரம், இந்தியாவிலிருந்து கண்ணாடி மணிகள் எல்லாம் வந்தன. அந்த மணிகளை வைத்துத்தான் பிற்பாடு காலக்கணக்கில் பாதி வழக்கு நடந்தது.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் கற்சுவர்கள் வீடுகள் அல்ல. கூரையைத் தாங்கியவையும் அல்ல. மக்கள் இருந்தது மண்வீட்டில். 'தாகா' என்று ஷோனாவில் சொல்லப்படும், சரளை கலந்து பிசைந்த களிமண்ணால் கட்டி, கூரை வேய்ந்த வட்டமான வீடுகள். அந்த வீடுகளுக்கு இடையே மறைப்பாக, தடுப்பாக, உள்ளே இருப்பவர் யார் வெளியே இருப்பவர் யார் என்று பிரித்துக் காட்டுவதாக ஓடியதுதான் கற்சுவர். மண்ணை எடுத்துவிட்டால் கல் சும்மா நிற்கும், அர்த்தமில்லாமல். அர்த்தமில்லாமல் நிற்பதற்கு யார் வேண்டுமானாலும் அர்த்தம் சொல்லலாம் அல்லவா? சொன்னார்கள்.

1871ல் கார்ல் மௌஹ் என்ற ஜெர்மானியர் வந்தார். வாசல் உத்திரத்திலிருந்து ஒரு மரச்சில்லைச் செதுக்கி எடுத்து, தன் பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதே நிறம், அதே வாசனை. அப்படியானால் தேவதாரு, தேவதாரு என்றால் லெபனான், லெபனான் என்றால் சாலமோன், ஆகவே இது ஷேபா நாட்டு ராணியின் மாளிகை! ஒரு பென்சிலிலிருந்து விவிலியம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டார் மனிதர். உண்மையில் அது அந்த வட்டாரத்திலேயே வளரும் மரம். கெடக்கட்டும், தனிமனிதரின் கற்பனை என்று விட்டுவிடலாம். ஆனால் 1890ல் ரோட்ஸின் கம்பெனிப் படை அந்த மண்ணைப் பிடித்தபோது அதே கற்பனைக்கு வேறு பயன் வந்துவிட்டது. கட்டியவர்கள் வடக்கிலிருந்து வந்த வெள்ளைத்தோல் இனம் என்றால், இப்போது வந்திருக்கும் வெள்ளைக்காரன் ஆக்கிரமிப்பாளன் இல்லை, வாரிசு. 1891லேயே தியோடர் பென்ட் என்பவரைக் கம்பெனி ஆதரவோடு தோண்ட அனுப்பினார்கள். அவர் தோண்டியதில் கிடைத்தது பெரும்பாலும் சுற்றிலும் வாழ்ந்த மக்கள் புழங்கியது போன்ற சாமான்கள்தான். இருந்தாலும் அடுத்த வருஷம் வெளியான அவருடைய புத்தகம் அரேபியாவைத்தான் கைகாட்டியது. 1895ல் இன்னும் நேரடியாகவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள், நாட்டிலுள்ள மற்ற கல் இடிபாடுகளைத் தோண்டித் தங்கம் எடுப்பதற்கென்று. பங்கு போட்டு நடத்தப்பட்ட கல்லறைக் கொள்ளை என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு முக்கியமாகப் படுபவர் ரிச்சர்ட் நிக்லின் ஹால். 1902ல் இந்த இடத்துக்குக் காப்பாளராக நியமிக்கப்பட்டவர். காப்பாளர் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திப் படியுங்கள். அவர் வேலை சுவர்களைப் பாதுகாப்பது. அவர் செய்ததோ, அடைப்புகளுக்குள் பல அடி ஆழத்துக்குச் சேர்ந்திருந்த மண் முழுவதையும் வாரி வெளியே கொட்டியது. அவரைப் பொறுத்தவரை அந்த மண், பின்னால் வந்து குடியேறிய கறுப்பர்கள் சேர்த்துவைத்த குப்பை. குப்பையை அகற்றினால் கீழே பழைய நாகரிகம் பளிச்சென்று தெரியும் என்று நம்பினார். எதுவும் தெரியவில்லை. ஏனென்றால் அவர் வாரிக் கொட்டியதுதான் அந்த நாகரிகம். தாகா வீடுகளின் தரைகள், அடுப்புகள், உடைந்த பானைகள், யார் எங்கே இருந்தார்கள், எந்தத் தரைக்கு மேல் எந்தத் தரை என்கிற அடுக்கு எல்லாமே போயிற்று. 1904ல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், ஆனால் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. இன்று புகைப்படங்களில் நாம் பார்க்கிற, புல்தரையில் கம்பீரமாகத் தனித்து நிற்கிற அந்தச் சுவர்கள், 14ஆம் நூற்றாண்டில் யாருமே பார்த்திராத காட்சி. அந்த 'இடிபாட்டின் அழகு' பெருமளவுக்கு ஹால் செய்து வைத்தது.

அறிவியல் சீக்கிரமே பதில் சொல்லிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1905ல் டேவிட் ராண்டல்-மக்கைவர் வந்து, மிச்சமிருந்த மண்தரைகளுக்குள் பார்த்து, இது ஆப்பிரிக்கர் கட்டியது, மத்திய காலத்தைச் சேர்ந்தது என்று எழுதினார். குடியேறிய வெள்ளையர்கள் கொதித்துப் போனார்கள். 1929ல் ஜெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் வந்தார். உடன் இரண்டு பெண்கள், அதில் ஒருவர் பிற்காலத்தில் ஜெரிக்கோ அகழாய்வுக்காகப் பேர்பெற்ற கேத்லீன் கென்யன். ஹாலின் கைபடாத ஓர் இடிபாட்டைத் தேடிப் பிடித்துத் தோண்டினார்கள். பேரடைப்புக்குள் இருக்கும் கூம்புக் கோபுரத்துக்கு அடியிலும் சுரங்கம் போட்டுப் பார்த்தார்கள். முடிவு அதேதான்: ஆப்பிரிக்கர். ஆனால் இதே கேட்டன்-தாம்சன், அந்தக் கட்டடக் கலையைப் பக்குவப்படாத குழந்தை மனத்தின் வெளிப்பாடு என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார். 'நீங்கள்தான் கட்டினீர்கள், ஆனால் குழந்தைகள் மாதிரி கட்டினீர்கள்.' சயீத்தைப் படித்த நமக்கு ஹாலின் அபத்தம் பழைய பாடம். கேட்டன்-தாம்சனிடம்தான் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உரிமையைத் திருப்பிக் கொடுக்கிற கையே தகுதியையும் அளந்து கொடுத்துவிடுகிறது.

உண்மை வெளியான பிறகும் பொய் வாழ முடியும், அதற்கு ஓர் அரசு துணை நின்றால். 1930களின் ஒரு சுற்றுலாச் சுவரொட்டியில், வெள்ளை நிறப் பெண்ணுருவம் ஒன்றின் முன் கறுப்பு மனிதன் மண்டியிட்டுத் தங்கத்தை நீட்டுகிறான். பின்னணியில் மகா ஜிம்பாப்வே. 1965 நவம்பரில் வெள்ளைச் சிறுபான்மை தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்ட பிறகு இது வெறும் சுவரொட்டிச் சமாச்சாரமாக இல்லை. வழிகாட்டிப் புத்தகங்கள் கட்டியவர் யார் என்பதைத் திட்டமாகச் சொல்லக்கூடாது, இரண்டு கட்சிக்கும் சமமாக இடம் தர வேண்டும் என்று நெருக்கினார்கள். கதிரியக்கக் கரிமக் கணிப்புகள் எல்லாம் வந்துவிட்ட காலம் அது! பொய்க்கும் மெய்க்கும் நடுவில் நின்று 'நடுநிலை' வகிப்பது எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். தொல்சின்ன ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970ல் நாட்டை விட்டே போனார். அங்கே வேலை பார்த்த இன்னொரு தொல்லியலாளர் பால் சின்க்ளேர், கறுப்பர்கள் கட்டினார்கள் என்று வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று தன்னை மிரட்டியதைப் பின்னர் பேட்டியில் சொன்னார். மஞ்சள் நிறத்தவர் கட்டினார்கள் என்று சொன்னால் மட்டும் ஆட்சேபணை இல்லையாம்.

1960களின் தொடக்கத்திலேயே விடுதலை இயக்கங்கள் தங்கள் பெயரில் 'ஜிம்பாப்வே'யைச் சேர்த்துக்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். மறுக்கப்பட்ட சுவர்களையே ஆயுதமாக்கிக்கொண்டார்கள். நியாயமான காரியம். அந்த மாக்கல் பறவைகளின் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். மொத்தம் எட்டு. 1889ல் ஒன்றை வில்லி போசெல்ட் என்ற வேட்டைக்காரன், அங்கிருந்தவர்கள் எதிர்த்தும், கம்பளிகளைக் கொடுத்துவிட்டு எடுத்துப் போனான். அது ரோட்ஸின் கைக்குப் போய்ச் சேர்ந்து, கேப்டவுனில் அவருடைய மாளிகையில் அமர்ந்தது. மற்றவற்றில் பலவும் தென்னாப்பிரிக்காவுக்கே போயின. 1981ல் கேப்டவுன் அருங்காட்சியகத்திலிருந்து ஐந்து சிற்பங்கள் திரும்பி வந்தன. சும்மா வரவில்லை. பதிலுக்கு ஜிம்பாப்வேயின் பூச்சிச் சேகரிப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது: தேனீ, குளவி, எறும்பு வகையறா. தன் கொடியில் பறக்கிற பறவையைப் பூச்சி கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருந்தது ஒரு சுதந்திர நாட்டுக்கு. ரோட்ஸின் வீட்டுப் பறவை அந்தப் பேரத்தில் சேரவில்லை. ஜெர்மனிக்குப் போய், உலகப் போரில் ரஷ்யா வரைக்கும் அலைந்த இன்னொரு பறவையின் பீடத்துண்டு 2003ல் வந்து தன் மேல்பாதியோடு சேர்ந்தது.

மீட்டதற்குப் பிறகு என்ன என்பதுதான் நம் கேள்வி. தேசியம் அந்தச் சுவர்களை எப்படி வாசித்தது? 1983ல் கென் முஃபுக்கா எழுதிய நூலின் தலைப்பிலேயே 'பொற்காலம்' இருக்கிறது. (பொற்காலம் என்ற சொல் நம் காதுக்குப் புதிதா என்ன!) எல்லோரும் ஒற்றுமையாக, மன்னனின் நிழலில் சுகமாக இருந்தார்கள் என்கிற தோரணை. சுவருக்கு உள்ளே இருந்தவர்கள் சிலர். நெருக்கியடித்த மண்வீடுகளில் வெளியே இருந்தவர்கள் பலர். கல் சுமந்தவர்கள் யார்? தங்கம் யார் கைக்குப் போனது? இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குப் பதில் சொல்கிற அவசரத்தில் கேட்கப்படவே இல்லை.

இன்னொரு பக்கம் தாமஸ் ஹஃப்மன் அமைப்பியலைக் கொண்டுவந்தார். நம் பத்திரிகைகளில் அமைப்பியல் படாத பாடுபட்டிருப்பதால் வாசகர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். போர்ச்சுக்கீசிய ஆவணங்கள், பிற்கால வெண்டா மக்களின் வழக்கங்கள் இவற்றையெல்லாம் சேர்த்து ஆண்/பெண், மேல்/கீழ் என்று இருமை எதிர்வுகளைக் கட்டி, பேரடைப்பைப் பெண்களுக்கான சடங்குப் பள்ளி என்றார். அழகான வாசிப்புதான். ஆனால் வெண்டா கிராமத்தில் கேட்டதைப் பல நூற்றாண்டுக்கு முந்தைய வேறொரு ஊரின் மேல் வைப்பது எப்படிச் சரியாகும் என்று 1998ல் வரலாற்றாளர் டேவிட் பீச் கேட்டார். 2008ல் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த ஷட்ரெக் சிரிகுரேயும் இன்னசென்ட் பிகிராயியும் கட்டுரை எழுதி வேறொரு வழி காட்டினார்கள்: இந்தக் கட்டடங்கள் எல்லாமே ஒரே காலத்தவை அல்ல, ஒரு தலைவன் இறந்தால் அடுத்தவன் தன் இடத்திலிருந்தே ஆண்டிருப்பான், மையம் அப்படியே நகர்ந்து போயிருக்கும். எதிர்வுகளுக்குப் பதிலாகக் காலம் உள்ளே வந்துவிடுகிறது. என் அபிப்பிராயத்தில் இது பலமான வாசிப்பு. ஆனால் இதைத் தீர்த்துவைக்கக்கூடிய சாட்சி எங்கே? தரையின் மேல் தரையாக இருந்த அந்த அடுக்குகளில். ஹால் வாரிக் கொட்டிய மண்ணில்.

எறிதல் மண்ணோடும் நிற்கவில்லை. மௌஹ் வந்தபோது அந்தக் குன்றில் முகாபே குலத்தார் இருந்தார்கள் (பிற்காலத்து ஜனாதிபதிக்கும் இவர்களுக்கும் பெயர்தான் ஒன்று). நேமன்வா, சாரும்பிரா குலத்தாரும் அந்த இடத்தைத் தங்களுடையது என்கிறார்கள். அவர்களுக்கு அது கும்பிடுகிற இடம். முன்பு சுவர்களுக்குள்ளிருந்து குரல் கேட்கும், இப்போது நின்றுவிட்டது என்று சொல்கிறார்கள். வெள்ளை அரசு வேலி போட்டது, நுழைவுக்கட்டணம் வைத்தது, சடங்குகளைத் தடுத்தது. விடுதலையை ஒட்டி, ஆவி இறங்கிப் பேசும் ஒரு பெண் வந்து அங்கே குடியேறி, இந்த இடம் இனி எங்களுக்கு என்றபோது புதிய அரசு அவரை அப்புறப்படுத்தியது. 1986ல் யுனெஸ்கோவின் பட்டியலில் உலகப் பாரம்பரியம் ஆயிற்று. வேலி அப்படியே இருந்தது; காவலாளி மட்டும் மாறினார். உள்ளேயே சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு ஷோனா கிராமமும் கட்டினார்கள், மண்வீடுகளோடு! நிஜ மண்வீட்டை எறிந்த இடத்தில் காட்சிக்கு மண்வீடு. அந்த நாட்டு அருங்காட்சியகத் துறையிலேயே இருந்த வெபர் இந்தோரோ 2001ல் வெளியிட்ட ஆய்வுநூலின் தலைப்பு 'உங்கள் நினைவுச்சின்னம், எங்கள் கோயில்' என்பது. தலைப்பில் இருக்கிற 'உங்கள்', 'எங்கள்' இரண்டுமே கறுப்பர்களுக்குள் நடக்கிற பேச்சு என்பதைக் கவனியுங்கள்.

வேலிக்குள் சிசிகானா என்றொரு ஊற்று இருக்கிறது. சிறுபெண் என்று அர்த்தம். நீர்ச்சக்திகள் ஒரு பெண்பிள்ளையை அங்கே இழுத்துக்கொண்டன என்பது ஊர்க்கதை. வெள்ளையர் காலத்தில் அதன்மேல் சிமெண்ட் போட்டு மூடினார்கள். 2000ல் அருங்காட்சியகத் துறையே முன்னின்று, பெரியவர்களைக் கூப்பிட்டு, சடங்கு செய்து அதைத் திறந்தார்கள். சடங்கு முடிந்தது. அதற்குப் பிறகும் அந்த ஊற்றுக்குப் போக வேண்டுமானால் வேலியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.