கூட்டுக்குப் பொருந்தாத செட்டை

கச்சான் காற்று எழுந்துவிட்டால் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உள்ள நம்மவர்க்குப் பகற்பொழுதைக் கழிப்பது பெரும்பாடாகிவிடுகிறது. ஆனால் தெற்கே, பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவுக்கோ அதே காற்றுத்தான் அறுவடைக் காலத்தைக் கொண்டுவருகிறது. தென்சமுத்திரத்திலிருந்து உருண்டுவந்து, முனையைச் சுற்றித் திரும்பும் அலையைத் தரையிலிருந்து வீசும் அக்காற்று எதிர்த்து நிறுத்தி, அதன் முகத்தை வழவழப்பாக்கிவிடுகிறது. ஏப்ரல் தொடக்கம் ஒக்டோபர் வரை உலகின் பல திசைகளிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர் அங்கே வந்து குவிவது இதனாலேயே. உல்லையிலும் பொத்துவிலிலும் உள்ள இளைஞர் பலர், பலகைகளை வாடகைக்குக் கொடுத்தும், சறுக்கக் கற்பித்தும், உடைந்தவற்றைப் பழுதுபார்த்தும் அந்த ஏழு மாதங்களில் ஆண்டு முழுவதற்குமான சீவனத்தைத் தேடிக்கொள்கின்றனர். அவர்களுடைய தொழிலில் நாள்தோறும் குறுக்கிடும் ஒரு சிறு பொருளைப் பற்றியே இங்கு எழுத எண்ணினோம்.

அலைச்சறுக்குப் பலகையின் அடிப்புறத்தில், வாற்பக்கமாக, மீனின் செட்டையை ஒத்த தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும். இளைஞர் அதனை ‘ஃபின்’ என்கின்றனர். செட்டை என்னும் அழகிய சொல் நம் மீனவர் வாயில் வாழ்ந்துகொண்டிருக்கையில், நாம் அதனையே ஆள்வோம். செட்டையில்லாப் பலகை சுக்கானில்லாத் தோணி. அலையின் சரிவில் வால் வழுக்கி, ஏறியவனைக் கவிழ்த்துவிடும். 1935ஆம் ஆண்டில் தொம் பிளேக் என்னும் அமெரிக்கர், விசைப்படகொன்றின் அடிக்கட்டையைக் கழற்றித் தம் பலகையில் பொருத்திப் பார்த்ததே இதன் தொடக்கம் என்பர். 1980ஆம் ஆண்டளவில் சைமன் அன்டர்சன் என்னும் அவுஸ்திரேலியர் மூன்று செட்டைகளை வைத்துப் பலகை அமைத்தார். இன்றும் பெருவழக்கு அதுவே.

முற்காலத்தில் செட்டையைப் பலகையோடு சேர்த்துப் பைபரும் ரெசினும் கொண்டு ஒட்டிவிடுவர். கல்லில் மோதினால் செட்டையோடு பலகையின் அடியும் பிய்ந்துபோம். விமானத்தில் கொண்டுசெல்வதும் தொல்லை. ஆகவே பலகைக்குள் ஒரு கூட்டைப் பதித்து, செட்டையை அதற்குள் செருகித் திருகாணியால் இறுக்கும் முறை வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆயின் கூட்டைச் செய்தவர் ஒருவரல்லர்.

அவுஸ்திரேலியாவில் பிறந்த எஃப்.சீ.எஸ். முறையில் ஒவ்வொரு செட்டைக்கும் இரண்டு சிறு நாக்குகள்; கலிபோர்னியாவில் பிறந்த ஃபியூச்சர்ஸ் முறையில் ஒரே நீண்ட நாக்கு. முன்னதன் செட்டை பின்னதன் கூட்டுக்குள் எவ்வாற்றானும் புகாது. போதாக்குறைக்கு, எஃப்.சீ.எஸ். நிறுவனத்தாரே பின்னர் திருகாணி வேண்டாது அழுத்திச் செருகும் இரண்டாம் முறையொன்றை வெளியிட்டனர். பழைய செட்டையை ஓர் இடைத்துண்டின் துணையோடு புதிய கூட்டில் மாட்டலாம். புதிய செட்டையைப் பழைய கூட்டில் மாட்டவே இயலாது. நீண்ட பலகைகளுக்கோ ‘யூ.எஸ். பொக்ஸ்’ எனப்படும் நெடிய காடி. அதற்கு ஓர் ஆணியும் ஒரு சிறு தகடும் வேண்டும். இதிலுள்ள வேடிக்கை யாதெனில், போட்டியாளரான அவ்விரு முறைகளின் திருகாணிகளையும் திருப்புவது ஒரே எலன் சாவிதான்; அங்குலத்தில் முப்பத்திரண்டில் மூன்று பங்கு அளவினது. சாவியில் ஒன்றுபட்டவர்கள் பூட்டில் பகைகொண்டனர்!

வெளிநாட்டு வாசிக்கு இது சிறு எரிச்சல். தன் ஊரில் கடைக்குச் சென்று வேறொன்றை வாங்கிக்கொள்வான். அறுகம் குடாவில் பலகை வாடகைக்கு விடுபவனின் நிலை அதுவன்று. அவனிடமுள்ள பலகைகளிற் பல, வந்தோர் விட்டுச்சென்றவையும் விற்றுச்சென்றவையும். பத்துப் பலகைக்கு நான்கு வகைக் கூடு. கல்லிற்பட்டு ஒரு செட்டை முறிந்தால், பெட்டியில் எஞ்சியிருக்கும் செட்டைகளில் அதற்கு ஏற்றது இருப்பது அரிது. உரியது வரும்வரை பலகை சும்மா சாத்திக்கிடக்கும். பருவமோ நின்று காத்திருப்பதில்லை. “சேர், கூடு வேற, செட்டை வேற, நாங்க இதுக்கு என்ன செய்யிற?” என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே.

பொருந்தாததைப் பொருத்த முயல்வதில்தான் தீங்கு அதிகம். நாக்கை அரத்தாள் கொண்டு தேய்ப்பர். தளர்ந்தால் கடதாசியோ ஒட்டுநாடாவோ சுற்றுவர். ஆடிக்கொண்டிருக்கும் செட்டை, அலைக்கு அலை கூட்டின் சுவரை இடித்து வெடிப்பை உண்டாக்குகிறது. வெடிப்பின் வழியே உப்புநீர் உள்ளே புக, பலகையின் உள்நுரை அதனை உறிஞ்சிக் கனக்கிறது. நடு அலையில் கழன்று போனாலோ, ஏறியவன் தன் வசமிழந்து பாறைப் பக்கம் ஒதுக்கப்படுவான். கற்கவந்த பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பலகையில் இத்தகைய ஒட்டுவேலை இருத்தல் ஆகாது என்பது நம் துணிபு.

இனி, அண்மைக்காலத்தில் வந்துள்ள நீர்ச்சிறகுப் பலகைகளைப் பார்ப்போம். ‘ஃபொயில்’ எனப்படும் இவற்றை நம் நாட்டில் காண விரும்புவோர், காற்றுக்குப் பெயர்போன கற்பிட்டிப் பக்கம் செல்லவேண்டும். பலகையின் அடியில் செட்டைக்குப் பதிலாக ஒரு நெடுந்தண்டும், அதன் நுனியில் விமானத்தினது போன்ற சிறகும் இருக்கும். வேகம் கூடியதும் சிறகு நீருக்குள்ளிருந்து உந்த, பலகை ஆளோடும் பாயோடும் நீரைவிட்டு மேலெழும்பிப் பறக்கும். 2024ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்ப்பலகைப் போட்டி, மார்செய்க் கடலில் இவ்வகைப் பலகையிலேயே நடைபெற்றது.

காற்றுப் பலகைகளில் இச்சிறகைத் தாங்குவதற்குப் பெரிதும் பயன்படுவது ‘டீப் டட்டில்’ என்னும் ஆழக்கூடு. லாரி டட்டில் என்பவர் செட்டைக்கென வகுத்த ஆப்பு வடிவக் கூட்டின் ஆழ்ந்த வடிவம் இது. கீழே அகன்று மேலே ஒடுங்கும் தலையை உள்ளே செலுத்தி, பலகையின் மேற்புறமிருந்து இரு சுரையாணிகளால் இழுத்து இறுக்குவர். இங்கே பெயர் ஒன்றாயினும் அளவு ஒன்றாயிருப்பதில்லை. ஒருவர் தலையைச் சற்று நீளமாக வார்க்கிறார். மற்றொருவர் கூட்டைச் சற்றுக் குறுக்குகிறார். சிலர் தலையின் முன்பின் சரிவுகளே பாரத்தைத் தாங்கவேண்டும் என்கின்றனர். வேறு சிலர் தலையின் உச்சி கூட்டின் கூரையில் முட்டி நிற்கவேண்டும் என்கின்றனர். இருவர் செய்ததையும் ஒன்றாக மாட்டினால், ஒன்றில் முழுதும் இறங்காது, ஒன்றில் கலகலத்து ஆடும்.

ஒரு மில்லிமீற்றர் ஆடினால் என்ன என்று கேட்கலாம். எண்சுவடி போதும், கணக்குப் பார்ப்போம். தண்டின் நீளம் 95 சென்றிமீற்றர், கூட்டின் ஆழம் 7 சென்றிமீற்றர், சிறகின் பக்கமாக விழும் விசை 20 கிலோ எனக் கொள்வோம். நெம்புகோல் நியதிப்படி, கூட்டின் சுவர் தாங்கவேண்டிய விசை ஏறக்குறைய 270 கிலோ! சுவர் முழுவதும் பட்டு நின்றால் அது பரவித் தாங்கும். ஒரு மூலையில் மட்டும் பட்டால் அந்த மூலை பிளக்கும். வெறுஞ் செட்டைக்குப் போதுமாயிருந்த கூடு சிறகுக்குப் போதாமற்போவது இதனாலேயே. ஒலிம்பிக்கில் இத்தொல்லை எழவில்லை. எல்லாரும் ஒரே நிறுவனத்தின் ஒரே உபகரணத்தை ஏறினர். தொல்லை கடையில் தனித்தனியே வாங்குவோர்க்கே. இரு காடிகளை 90 மில்லிமீற்றர் இடைவெளியில் பதிக்கும் வேறொரு முறையைப் பலரும் இப்போது ஏற்றுள்ளனர். அங்கும் சிலர் 6 மில்லிமீற்றர் ஆணியும் சிலர் 8 மில்லிமீற்றர் ஆணியும் கேட்கின்றனர்.

இவ்வழக்கு கடலில் மட்டும் உள்ளதன்று. 1904 பெப்ரவரியில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரம் தீப்பற்றி எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்புப் படையினர் ஓடோடி வந்தனர். வந்தவர்களின் குழாய்கள் அந்நகரின் நீர்க்குழாய் வாயில் பொருந்தவில்லை. ஆட்கள் இருந்தனர், நீர் இருந்தது, திருகுப்புரி வேறு. 1,500க்கு மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. பின்னர் ஆராய்ந்தபோது, அந்நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட வகைக் குழாயிணைப்புக்கள் வழங்கியமை தெரியவந்தது. திருகுப்புரிக்கு ஒரு பொது அளவு வேண்டுமென்று இங்கிலாந்தில் விட்வேர்த் 1841லேயே சொல்லிவிட்டார் என்பதை நினைக்க வியப்பாகவிருக்கிறது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் வீட்டுச் சுவரைப் பாருங்கள். 5 அம்பியர் உருண்டை முனை, 15 அம்பியர் உருண்டை முனை, 13 அம்பியர் சதுர முனை என மூவகைக் குதைகள். சதுரக் குதையின் மேல்துளையில் பேனையையோ குச்சியையோ குத்தித் திறந்து, இருமுனைச் செருகியைத் திணிக்கும் வழக்கம் நம் பிள்ளைகளிடமும் உண்டு. அந்த மூடி உயிர்காக்க வைத்தது. 13 அம்பியர் சதுர முனையே நாட்டின் நியமமாதல் வேண்டுமென 2016ஆம் ஆண்டில் முடிவாயிற்று. பழைய சுவர்கள் மாறுவதற்கு நாட்செல்லும்.

ஒழுங்கு கைகூடிய இடமும் நம் அருகிலேயே உள்ளது. மருதமுனை நெசவாளரிடம் 40ஆம் இலக்கப் பருத்திநூல் என்றால், எந்த ஆலையில் நூற்றதாயினும் அவர் மயங்குவதில்லை. 840 யார் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்தால் ஓர் இறாத்தல். அதாவது ஓர் இறாத்தலுக்கு 33,600 யார். நூல் வந்த நாட்டைக் கேளாமல் இலக்கத்தைக் கேட்டே அச்சைத் தெரிவுசெய்கிறார். பலகைத் தொழிலுக்கு இத்தகைய இலக்கம் வாய்க்காமைக்குக் காரணம் வணிகமே. தன் கூட்டை வாங்கியவன் தன் செட்டையையே வாங்கவேண்டும் என்பது ஆலைக்காரரின் கணக்கு. ஏற்பாடு தம்முடையதெனப் பதிவு செய்த உரிமையும் அவருக்குண்டு. நம் நாட்டில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் நியமங்களுக்கென ஒரு பணியகம் ஏற்பட்டு, இப்போது கட்டளைகள் நிறுவனமாக விளங்குகிறது. ஆயினும் வெளிநாட்டில் வார்த்துவரும் கூட்டின் அளவை அதனால் எவ்வாறு மாற்றமுடியும்?

ஆகவே வாங்குவோனே விழித்திருக்கவேண்டும். பழம்பலகை வாங்கும் இளைஞர் அதன் நிறத்தையும் நீளத்தையும் பார்ப்பதற்கு முன் கவிழ்த்துப்போட்டுக் கூட்டைப் பார்க்கட்டும். கூடுமானவரை ஒரே வகைக் கூடுள்ள பலகைகளையே சேர்க்கட்டும். அப்போது ஒரு பலகையின் செட்டை மற்றதற்கு உதவும். கூட்டின் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என நகத்தால் தடவிப் பார்க்கவேண்டும். செட்டையை மாட்டி, ஆணியை இறுக்குவதற்கு முன்னரே அசைத்துப் பார்க்கவேண்டும். அப்போதே ஆடுவதை ஆணி மட்டும் நெடுநாள் காக்காது. பருவம் முடிந்ததும் செட்டைகளைக் கழற்றி, நன்னீரில் கழுவி, திருகாணிகளைச் சீசாவில் இட்டு மூடி, எந்தக் கூட்டுக்குரியவை என்று சீட்டெழுதி ஒட்டிவைத்தால், அடுத்த ஏப்ரலில் முதலாவது அலை வரும்போது தேடவேண்டியிராது.